பார் உரிமையாளர் மீது வழக்கு எப்போது பாயும்: அமெரிக்க டிராம் ஷாப் சட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

உங்கள் பாரில் குடித்துவிட்டுக் கிளம்பிய ஒருவர் வழியில் யாரையாவது காரால் இடித்துவிட்டால், அடிபட்டவர் உங்கள் மீதும் வழக்குப் போடலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. அதைத்தான் டிராம் ஷாப் (dram shop, மதுக்கடைக்கான பழைய ஆங்கிலச் சொல்) சட்டம் என்கிறார்கள்.

புதிதாக பார் வாங்குகிறவர்கள் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கி, ஆள் எடுத்து, கடையைத் திறந்து, அப்புறம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஏதாவது கேட்டால் யோசிக்கிறார்கள். அப்படிப் போனால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். மாநிலச் சட்டம் தெரியாமல் சரியான பாலிசி எடுக்க முடியாது. பாலிசியில் என்ன நிபந்தனை என்று தெரியாமல் ஊழியர்களுக்கு விதி எழுத முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது உங்கள் வக்கீலுக்கு மாற்று இல்லை. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதற்கானது.

1. ஆரம்பிக்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

மது லைசென்ஸின் பிரதி, அதோடு இணைத்த நிபந்தனைகள் உட்பட. கட்டடக் குத்தகை ஒப்பந்தம். இன்சூரன்ஸ் பாலிசியின் முழுப் பிரதி. பில்லிங் மெஷினிலிருந்து ஒரு இரவின் விற்பனைப் பதிவு. கேமரா பதிவு எத்தனை நாளில் அழிந்து மேலே புதிது ஏறுகிறது என்ற தகவல். கடந்த ஓராண்டு விற்பனை, சாப்பாடு தனியாகவும் மது தனியாகவும் பிரித்து.

இதில் பெரும்பாலோர் தவறவிடுவது பாலிசியின் முழுப் பிரதியை. ஏஜென்ட் கொடுக்கும் ஒரு பக்கச் சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டு "எல்லாம் இருக்கிறது" என்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தில் தொகை மட்டும்தான் இருக்கும். எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்பது உள்ளே உள்ள பக்கங்களில்தான் இருக்கிறது. வழக்கு வந்தபின் எல்லோரும் தேடுவது அந்தப் பக்கங்களைத்தான்.

2. உங்கள் மாநிலத்தின் சட்ட வாசகத்தை நீங்களே படியுங்கள்

இதுவே முதல் வேலை. மத்திய அரசுச் சட்டம் எதுவும் இங்கே பெரிதாக உதவாது. 1984-இல் வந்த மத்தியச் சட்டத்தின் அழுத்தத்தால் குடிக்கும் வயது நாடு முழுக்க 21 ஆனது, அவ்வளவுதான். பார் உரிமையாளரின் பொறுப்பை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுத்திருக்கிறது, அதுவும் மிகவும் வேறுபட்ட விதங்களில். வாசகம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதில் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

முதல் கேள்வி: அடிபட்டவர் பார் மீது வழக்குப் போடவே முடியுமா? நெவாடா, வர்ஜீனியா, மேரிலாந்து, டெலவேர், கான்சஸ், தெற்கு டகோட்டா போன்ற இடங்களில் வயது வந்தவருக்கு ஊற்றியதற்காகப் பொதுவாக முடியாது. மேரிலாந்தின் உச்ச நிலை நீதிமன்றம் 2013-இல் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துப் பார்த்தும் நிலையை மாற்றவில்லை. கலிஃபோர்னியாவில் 1978 முதல் பார்களுக்குப் பெரிய பாதுகாப்பு உண்டு. தெளிவாகப் போதையில் இருக்கும், 21 வயது நிரம்பாத ஒருவருக்கு விற்றால் மட்டும் அது கிடைக்காது. ஃபுளோரிடாவில் இரண்டு வழிகள்தான் திறந்திருக்கின்றன: வயது குறைந்தவருக்குத் தெரிந்தே விற்பது, குடிக்கு அடிமையானவர் என்று தெரிந்தும் அவருக்குக் கொடுப்பது.

இரண்டாவது: ஊற்றும்போது வாடிக்கையாளர் எந்த நிலையில் இருந்திருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியில்தான் முக்கால்வாசி வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன. நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் போதை கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியின் 1987 சட்டமும் அப்படியே. போதையைத் தெளிவாகக் காட்டும் செயல்கள் வெளியே புலப்பட்டிருக்க வேண்டும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தனக்கும் பிறருக்கும் தெளிவான ஆபத்து என்னும் அளவுக்குப் போதை வெளிப்படையாக இருக்க வேண்டும், அது ஊற்றியவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். இல்லினாய்ஸ் நேர் எதிர். அங்கே வெளியே தெரிந்ததா என்ற கேள்வியே இல்லை. உங்கள் மதுவால் போதை ஏறியது, அந்தப் போதையால் சேதம் வந்தது என்று காட்டினால் போதும்.

மூன்றாவது: வேறு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா? ஜார்ஜியாவில், போதை தெரியும்படி இருந்தது என்பதோடு, அவர் சீக்கிரமே வண்டி ஓட்டப்போகிறார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மாநிலத்தில் சாவியை வாங்கி வைத்திருந்த வாலே ஊழியர் (வாடிக்கையாளரின் காரை வாங்கி நிறுத்துபவர்) மிக முக்கியமான சாட்சியாகிவிடுகிறார்.

நான்காவது: கெடு எவ்வளவு, தொகைக்கு வரம்பு உண்டா? இல்லினாய்ஸில் ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்; இழப்பீட்டு வரம்பை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் திருத்தி வெளியிடுகிறார்கள். டெக்சாஸில் இரண்டு ஆண்டுகள். நியூயார்க்கில் வரம்பு இல்லை என்பது மட்டுமல்ல, இழப்பீட்டுக்கு மேல் தண்டனையாகக் கட்ட வைக்கும் தொகையும் கேட்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

குடித்தவரே உங்கள் மீது வழக்குப் போட முடியுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். நியூயார்க்கிலும் இல்லினாய்ஸிலும் டிராம் ஷாப் சட்டத்தின் கீழ் முடியாது. டெக்சாஸில் முடியும், அவருடைய பங்கு எவ்வளவு என்று ஜூரி கழித்துக்கொள்ளும்.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு, வேறு மாநிலத்தில் கடை நடத்தும் நண்பரின் விதிப் புத்தகத்தை அப்படியே நகல் எடுப்பது. டெக்சாஸுக்கு எழுதிய விதிகளை வைத்து இல்லினாய்ஸில் பார் நடத்தினால், "போதை தெரியவில்லை" என்று நிரூபிக்க எல்லா ஏற்பாடும் செய்துவைத்திருப்பீர்கள். அங்கே அது யாருக்கும் வேண்டாத பதில்.

3. பொறுப்பு ஒன்றல்ல என்பதைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்

"எங்கள் மாநிலத்தில் டிராம் ஷாப் கிடையாது" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக இந்தப் படி.

இழப்பீட்டு வழக்கு ஒரு பக்கம். மது ஆணையம் லைசென்ஸை நிறுத்திவைப்பது, அபராதம் போடுவது இன்னொரு பக்கம். குற்ற வழக்கு மூன்றாவது. கலிஃபோர்னியாவில் தெளிவாகப் போதையில் இருப்பவருக்கு விற்பது, இழப்பீட்டு வழக்கு வராவிட்டாலும், குற்றம்தான்.

நான்காவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது இடத்தின் பாதுகாப்பு. உங்கள் கடைக்குள்ளோ பார்க்கிங்கிலோ அடிதடி நடந்தால், மது ஊற்றியது பற்றிப் பேசாமலே வழக்கு வரும். வாடிக்கையாளரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுத்தீர்களா என்பதுதான் அங்கே கேள்வி. 2005-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டெல்காடோ வழக்கில் இதைப் பேசியது. இரண்டு கூட்டங்களுக்கிடையே முறைப்பு இருந்ததைக் காவலாளி கவனித்திருந்தார். சண்டை வரும் என்று தெரிந்தபின், பெரிய செலவில்லாத எளிய நடவடிக்கைகளையாவது எடுத்திருக்க வேண்டிய கடமை பாருக்கு உண்டு என்றது நீதிமன்றம். மது வழக்குகளில் பார்களுக்கு அவ்வளவு பாதுகாப்புக் கொடுக்கும் அதே மாநிலம்தான்.

4. குத்தகையும் கம்பெனி அமைப்பும்

இது சின்ன வேலை, ஆனால் பாலிசிக்கு முன்னால் முடிக்க வேண்டும். இல்லினாய்ஸில் மது விற்கப்போகிறார்கள் என்று தெரிந்து இடத்தை வாடகைக்கு விட்ட உரிமையாளர் மீதும் வழக்குப் போடலாம். அதனால் அவர் தன்னையும் உங்கள் பாலிசியில் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார், குறைந்தபட்சத் தொகையையும் சொல்வார். குத்தகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பாலிசி எடுத்தால் இரண்டாம் முறை எடுக்க வேண்டியதுதான்.

எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி, LLC) வைத்திருப்பது உங்கள் வீட்டையும் சேமிப்பையும் ஓரளவு காக்கும். ஆனால் அந்த இரவு கிளாஸில் ஊற்றியது நீங்களே என்றால், உங்கள் சொந்தச் செயலுக்கு எல்எல்சி மறைப்பாக நிற்காது. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் புழங்கினாலும் அந்தத் தடுப்பு உடையும்.

5. இன்சூரன்ஸ்: பொதுப் பாலிசி போதாது

இங்கேதான் அதிகப் பணம் போகிறது, அதிக ஏமாற்றமும் இங்கேதான்.

வியாபாரத்துக்கு எடுக்கும் வழக்கமான பொதுப் பொறுப்புப் பாலிசியில், மது விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு மது சார்ந்த இழப்பு விலக்கப்பட்டிருக்கும். ஊழியரைச் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்று வழக்கை மாற்றி எழுதினாலும் விலக்கு பொருந்தும்படி இப்போதைய படிவங்களில் வாசகம் இருக்கிறது. எனவே மதுப் பொறுப்புக்கென்று தனிப் பாலிசி வேண்டும். பொதுப் பாலிசியில் 10 லட்சம் டாலர் என்று பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தனிப் பாலிசி கிடைத்ததும் இவற்றைத் தேடிப் படியுங்கள்.

அடிதடி விலக்கு. சில பாலிசிகளில் சண்டை, தாக்குதலால் வரும் காயத்துக்குப் பணமே இல்லை. சிலவற்றில் சிறு தொகை மட்டும். இரவு நேர பாருக்கு இந்த விலக்கோடு பாலிசி எடுத்தால், சாலை விபத்துக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வரம்பு எப்படிக் கணக்காகிறது. பொதுவான படிவத்தில் ஒரே காரணத்தால் வரும் எல்லா இழப்புக்கும் சேர்த்து ஒரு வரம்பு. ஒரே வாடிக்கையாளருக்கு ஊற்றி, அவர் மோதிய காரில் நான்கு பேர் இருந்தால், நான்கு பேரும் அந்த ஒரே தொகையைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மிச்சம் உங்களிடம் வரும்.

வக்கீல் செலவு வரம்புக்கு உள்ளேயா, வெளியேயா. உள்ளே என்றால் வழக்கு இழுக்க இழுக்க இழப்பீட்டுக்கு இருக்கும் தொகை கரையும்.

சம்பவம் நடந்த நாளா, கோரிக்கை வந்த நாளா. இரண்டாவது வகைப் பாலிசியை நடுவில் மாற்றினால், பழைய ஆண்டில் நடந்த விபத்துக்குப் புதிய ஆண்டில் வழக்கு வரும்போது இரண்டு கம்பெனியும் கை விரிக்கும். மாற்றும் முன் பழைய நாட்களுக்கும் பாதுகாப்பு தொடர்வதை எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள் என்று சொல்வது அறிவுரை மாதிரித் தெரியலாம், ஆனால் இது கணக்கு. பிரீமியம் மது விற்பனையை வைத்துத்தான் போடுகிறார்கள். அதைக் குறைத்துக் காட்டினாலோ, இரண்டு மணி வரை திறந்திருப்பதைப் பன்னிரண்டு என்று எழுதினாலோ, டிஜே இல்லை என்று சொன்னாலோ, வழக்கு வரும் அன்று கம்பெனி முதலில் எடுப்பது அந்த விண்ணப்பத்தைத்தான். பாலிசியையே ரத்துசெய்ய அது போதும்.

6. பயிற்சி: எந்த மாநிலத்தில் அது கேடயம், எங்கே வெறும் காகிதம்

டெக்சாஸில் பயிற்சிக்கு நேரடிப் பலன் இருக்கிறது. மூன்று நிபந்தனைகள் சேர்ந்தால் ஊழியரின் தவறு முதலாளி மேல் ஏறாது: ஆணையம் ஏற்ற பயிற்சிக்குப் போக வேண்டும் என்று முதலாளி விதித்திருக்க வேண்டும், அந்த ஊழியர் உண்மையில் போயிருக்க வேண்டும், சட்டத்தை மீறும்படி முதலாளி நேரடியாகவோ மறைமுகமாகவோ தூண்டியிருக்கக் கூடாது. முதல் இரண்டையும் நிரூபிக்க வேண்டியது பார். மூன்றாவதில் தூண்டுதல் இருந்தது என்று காட்ட வேண்டியது வழக்குப் போட்டவர். 2008-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இப்படிப் பிரித்துக் கொடுத்தது.

இதில் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். டெக்சாஸ் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். பார்டெண்டருக்குச் சான்று இருக்கும். கூட்டம் அதிகமான இரவில் உதவிக்கு நின்று பீர் எடுத்துக் கொடுத்த பையனுக்கு இருக்காது. ஊற்றியது அவன் என்றால் கேடயம் போச்சு. இன்னொன்று, அதிகம் விற்றவருக்குப் பரிசு, ஷாட் போட்டி என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் போட்ட ஒரு வரி. அதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் தூண்டுதல் என்று படித்துக்காட்டுவார்.

கலிஃபோர்னியாவில் 2022 முதல், பாரில் மது பரிமாறுபவர்களுக்கும் அவர்களின் மேலாளர்களுக்கும் பயிற்சிச் சான்று கட்டாயம். வேலைக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் வாங்க வேண்டும், மூன்று ஆண்டு செல்லும். பல மாநிலங்களில் பயிற்சி முழுப் பாதுகாப்புத் தராது, நீங்கள் அக்கறையோடு நடந்தீர்கள் என்பதற்கு ஆதாரமாக மட்டும் நிற்கும். எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஊழியர் பெயர், சான்று எண், முடியும் தேதி மூன்றும் ஒரே தாளில். முடிந்த சான்றோடு யாரையும் ஷிஃப்டில் போடாதீர்கள்.

7. ஊற்றுவதை எண்ணுங்கள், கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

"ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று அனுபவமுள்ள பார்டெண்டர் சொல்வார். பாதி உண்மை. தினமும் குடிப்பவர் நாக்குக் குழறாமல், தள்ளாடாமல் இருக்கப் பழகியிருப்பார். உடல் பழகிவிட்டது, ரத்தத்தில் உள்ள அளவு குறையவில்லை. அதோடு கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் ஏற அரை மணி, ஒரு மணி நேரம் கூட ஆகும். கல்லாவில் நன்றாக நின்றவர் காரில் ஏறும்போது வேறு ஆளாக இருப்பார். அதனால் எண்ணிக்கையும் வேண்டும்.

அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 12 அவுன்ஸ், 12 சதவீத ஒயின் 5 அவுன்ஸ், 40 சதவீத விஸ்கி ஒன்றரை அவுன்ஸ் மூன்றும் சமம். இதை வைத்து உங்கள் மெனுவை ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 8 சதவீத பீர் 16 அவுன்ஸ் கிளாஸில் போனால் அது இரண்டு டிரிங்குக்கும் மேல். வோட்கா, ஜின், ரம், டெக்கீலா என்று நான்கைந்து சரக்கு சேரும் லாங் ஐலண்ட் பில்லில் ஒன்று என்று விழும், உடம்பில் ஒன்று இல்லை. அளவுக் குப்பி இல்லாமல் கைக்கணக்கில் இரண்டு அவுன்ஸ் ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஒவ்வொரு பானத்துக்கும் அதன் உண்மையான டிரிங்க் எண்ணைப் பில்லிங் மெஷினில் பெயரோடு சேர்த்துவிடுங்கள். பார்டெண்டர் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

இறங்குவது மெதுவாகத்தான். சராசரியாக மணிக்கு 0.015 சதவீத ஆல்கஹால்தான் ரத்தத்தில் குறையும். காபியும் குளிர்ந்த காற்றும் அதை வேகப்படுத்தாது. வண்டி ஓட்டச் சட்ட வரம்பு 0.08, யூட்டாவில் மட்டும் 0.05. வரம்பைத் தாண்டிப் போனவர் அரை மணி நேரம் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது வீண்.

இந்த எண்கள் நீதிமன்றத்தில் திரும்பி வரும். மருத்துவமனையில் ரத்தத்தில் 0.20 இருந்தது, கடையைவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது என்றால், நிபுணர் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்பும்போது சுமார் 0.23 இருந்திருக்கும் என்பார். போதை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற மாநிலங்களில் இந்த எண் மட்டும் எப்போதும் போதாது. 1997-இல் நியூயார்க்கின் உச்ச நிலை நீதிமன்றம், தெளிவான அடிப்படை சொல்லாத அப்படியொரு நிபுணர் கருத்தை ஏற்கவில்லை. ஆனால் அதோடு உங்கள் பில்லில் உள்ள நேரங்களும் சேர்ந்தால் கதை மாறும். 9:10, 9:25, 9:31, 9:44 என்று ஒரே ஆள் பெயரில் நான்கு டபுள் விழுந்திருந்தால், "எனக்குத் தெரியவில்லை" என்று பார்டெண்டர் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

பில் விஷயத்தில் இரண்டு பழக்கங்களை நிறுத்துங்கள். ஆறு பேர் மேசைக்கு ஒரே டேப் (கடைசியில் கட்டும் பில் கணக்கு, tab) திறப்பது ஒன்று: யார் எத்தனை குடித்தார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது, வழக்கில் எல்லாம் ஒருவர் கணக்கில் சேரும். தெரிந்தவருக்கு இலவசமாக ஊற்றிவிட்டுப் பதிவே செய்யாதது இன்னொன்று: பில் இரண்டு என்கிறது, கேமரா ஐந்து என்கிறது. அப்புறம் உங்கள் பதிவு எதையும் ஜூரி நம்பாது.

வயது விஷயத்தில் எண்ணிக்கை, கண் எதுவும் உதவாது, அடையாள அட்டைதான். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் 21 ஆகவில்லை என்று சந்தேகப்படக் காரணம் இருந்தது என்றாலே பொறுப்பு வரும். வாசலில் ஸ்கேனர் இருந்தால் அது யாரை, எத்தனை மணிக்குப் படித்தது என்ற பதிவையும் சேமியுங்கள்.

8. நிறுத்துவதும் அனுப்புவதும்

நிறுத்த வேண்டிய நேரம், போதை தெரிவதற்கு ஒரு டிரிங்க் முன்பு. தெரிந்தபின் நிறுத்தினால், ஐந்து நிமிடம் முன்பு ஊற்றியதற்கு யார் பதில் சொல்வது?

முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள், பிறகு மற்ற ஊழியர்களிடம், கடைசியாக வாடிக்கையாளரிடம். இந்த வரிசை தலைகீழானால் அவர் பாரின் அடுத்த முனைக்குப் போய் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார். ஒரு நிறுவனமாகப் பார்த்தால் ஊற்றியது நீங்கள்தான். பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "சார், இன்றைக்கு இதற்கு மேல் என்னால் தர முடியாது. தண்ணீர் தரட்டுமா, வண்டி கூப்பிடட்டுமா?" குடித்துவிட்டீர்கள், அதிகமாகிவிட்டது என்று விளக்கம் சொல்லப் போனால் வாக்குவாதம்தான். அவருடைய நண்பர்களில் நிதானமாக இருப்பவரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவது பெரும்பாலும் வேலை செய்கிறது.

சாவியைப் பிடுங்காதீர்கள், வழியை மறித்து உடல் பலம் காட்டாதீர்கள். அது வேறொரு வழக்கு. கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் வண்டி எண்ணைக் குறித்து உடனே 911 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள், அழைத்த நேரத்தை எழுதுங்கள். டாக்ஸி ஏற்பாடு செய்தால் முன்பு அதிகமாக ஊற்றியது அழிந்துவிடாது, ஆனால் விபத்தே நடக்காமல் போகலாம். அதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

சண்டை வரும் இரு தரப்பையும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வெளியேற்றுவது பவுன்சர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. பார்க்கிங்கில் மீதியை முடித்துக்கொள்வார்கள். ஒருவரை முதலில் அனுப்பி, அவர் போனதைப் பார்த்தபின் இன்னொருவரை.

9. பதிவேடு

ஒரு ஷிஃப்டுக்கு ஒரு பக்கம் போதும். யாரை எத்தனை மணிக்கு நிறுத்தினோம், யார் நிறுத்தினார், என்ன பார்த்தார், எப்படிப் போனார். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: "குரல் உயர்ந்தது, ஸ்டூலைப் பிடித்து நின்றார்." "செம போதை" என்று எழுதினால் அந்த இரண்டு சொல்லும் எதிர்த்தரப்பின் முதல் ஆதாரம்.

பதிவேடே நமக்கு எதிராகத் திரும்பும், வைக்காமலிருப்பதே நல்லது என்று சில உரிமையாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேமராவும் பில்லும் வாடிக்கையாளரின் நண்பர்களும் எப்படியும் பேசுவார்கள். நீங்கள் நிறுத்தியதைச் சொல்ல மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

10. சம்பவம் நடந்த இரவும் அடுத்த மூன்று நாளும்

911-க்கு அழைத்து, அடிபட்டவரைக் கவனித்தபின், முதல் வேலை கேமரா பதிவைத் தனி டிஸ்க்கில் எடுப்பது. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பல கடைகளில் சில வாரங்களிலேயே பழையது அழிந்து மேலே புதிது ஏறிவிடும். வழக்கு வரும் என்று தெரிந்தபின் பதிவு காணாமல் போனால், அதில் உங்களுக்கு எதிரானதுதான் இருந்தது என்று ஜூரி கருதலாம் என நீதிபதி சொல்ல வாய்ப்புண்டு. நல்ல பதிவாகவே இருந்திருக்கலாம். இனி அதைச் சொல்ல வழியில்லை.

விபத்து நடந்த பத்து நிமிடத்தை மட்டும் எடுத்து வைத்து நிறுத்திவிடுகிறார்கள். அவர் கதவில் நுழைந்ததிலிருந்து வேண்டும், எல்லா கேமராவிலும். கூடவே அவருடைய டேப் கணக்கு, கார்டு ரசீது, அன்றைய ஷிஃப்ட் பட்டியல், சான்றிதழ்கள், ஊழியர் வாட்ஸ்அப் குழு. குழுவில் எதையும் அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். அதில் சம்பவத்தைப் பற்றி மேலே பேசவும் வேண்டாம்.

பிறகு இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தகவல். வழக்கு வரும்வரை காத்திருந்தால், தாமதம் என்று சொல்லி மறுக்க இடம் கொடுத்ததாகும். பொதுப் பாலிசி, மதுப் பாலிசி, அதற்கு மேல் குடைப் பாலிசி (மற்ற பாலிசிகளின் வரம்பு தீர்ந்தபின் உதவும் கூடுதல் பாலிசி) இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் தனித்தனியே அனுப்புங்கள். எது பொருந்தும் என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். ஊழியர்களின் விரிவான வாக்குமூலத்தை வக்கீல் வந்தபின் அவர் மூலமாக எடுங்கள். நீங்களே எடுத்தால் அதை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கலாம்.

11. நோட்டீஸ் கைக்கு வந்தால்

உறையோடு வையுங்கள், கிடைத்த தேதியையும் கொடுத்தவரையும் எழுதுங்கள். சில மாநிலங்களில் வழக்குக்கு முன் நோட்டீஸ் கொடுப்பதற்கே கெடு உண்டு: மிச்சிகனில் அடிபட்டவர் வக்கீல் வைத்த 120 நாளுக்குள், மினசோட்டாவில் 240 நாளுக்குள். அந்தத் தேதி தவறியிருந்தால் உங்கள் வக்கீலுக்கு அது பெரிய பிடி. மிச்சிகனில் இன்னொன்றும் பாருங்கள்: பல பார்களில் குடித்திருந்தால், கடைசியாக ஊற்றியவரைத் தவிர மற்றவர்கள் தவறு செய்யவில்லை என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் அவர் உங்களிடமிருந்து கிளம்பி எங்கே போனார் என்று கண்டுபிடிப்பது வீண்வேலை இல்லை.

வழக்கு மனு வந்தால் பதிலுக்கு நேரம் குறைவு. கலிஃபோர்னியாவில் 30 நாள். டெக்சாஸில் 20 நாள் கழிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. பதில் போகாவிட்டால் விசாரணை இல்லாமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு ஆகலாம். கம்பெனி சார்பில் நீங்களே நீதிமன்றத்தில் ஆஜராகவும் பொதுவாக அனுமதிக்கமாட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைத்துக் கொடுத்துவிட்டு, கூடவே "உரிமைகளை ஒதுக்கிவைத்து வழக்கை நடத்துகிறோம்" என்று ஒரு கடிதம் அனுப்பும். அடிதடி விலக்கு அல்லது விண்ணப்பத் தவறைக் காட்டிப் பின்னால் பணம் தர மறுக்கக்கூடும் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கடிதம் வந்த அன்றே சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். கலிஃபோர்னியாவில் சில நிலைகளில் கம்பெனியின் செலவிலேயே தனி வக்கீல் கேட்கலாம்.

அடிபட்டவரின் வக்கீல் பாலிசி வரம்புக்குள் ஒரு தொகை கேட்டு, இத்தனை நாளுக்குள் பதில் என்று எழுதினால், அந்தக் கெடு முடிவதற்குள் ஏற்கும்படி உங்கள் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். டெக்சாஸில் 1929 முதலே இருக்கும் ஸ்டவர்ஸ் விதிப்படி, நியாயமான அத்தகைய கோரிக்கையைக் கம்பெனி அலட்சியமாக நிராகரித்துப் பின்னர் வரம்பைத் தாண்டித் தீர்ப்பு வந்தால், மிச்சத்தை அது கட்ட வேண்டிவரும். நீங்கள் எழுதிய கடிதமும் அதில் உள்ள தேதியும் அப்போது தேவைப்படும்.